ஸ்டோல்விக்கில் மாப்பிள்ளை விசாரித்தது

"கோட்டை பாக்க நாங்கள் வரேல்லை எண்டு அவவுக்குச் சொல்லும்," என்று மனைவியின் காதுக்குள் சொன்னார் தவராசா.

கப்பல் ஸ்டோல்விக் துறைமுகத்தில் கட்டியாகிவிட்டது. கரையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பயணிகளைத் தலை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்த ஜெர்மன் வழிகாட்டி அம்மாள், இவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இந்த ஊரில் இரும்பாலையையும் எண்ணெய்த் தாங்கிகளையும் தவிர ஒன்றும் கிடையாது, பஸ்ஸில் ஏறினால் பழைய கோட்டையைப் பார்த்து, மீன் சாப்பிட்டு, பின்னேரம் திரும்பலாம் என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. கப்பல் தட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புகைபோக்கி. அதற்கு முன்னால் நிலக்கரிக் குவியல். அதற்கும் முன்னால் மழை.

சந்திரகாந்தி ஜெர்மனில் ஏதோ சொன்னாள். வழிகாட்டி அம்மாள் தவராசாவை ஏற இறங்கப் பார்த்து, கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னனீர்?"

"உங்களுக்கு இரும்பாலை எண்டால் உயிர் எண்டு சொன்னனான்."

தவராசாவுக்கு உண்மையில் உயிராக இருந்தது வேறு விஷயம். சந்திரகாந்தியின் தங்கை சிவமலருக்கு ஒரு கலியாணம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை சிறீதரன், சுவீடனில் இந்த ஸ்டோல்விக் இரும்பாலையில்தான் வேலை. படம் பார்த்தாயிற்று, குறிப்புப் பொருத்தம் பார்த்தாயிற்று, தாய் தகப்பன் யார் என்று பார்த்தாயிற்று. தெரியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று. பெடியன் குடிப்பானா, மாட்டானா? மாப்பிள்ளை பகுதியோ மறுமொழி சொல்லாமல் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. போன் எடுத்துக் கதைத்தது சந்திரகாந்திதான். அவள் ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "யோசிக்கினமாம்" என்றாள். இழுக்கிறவனிடம் ஏதோ ஒளிப்பு இருக்கிறது என்பது தவராசாவின் முடிவு.

குடியென்றால் அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. கெல்சென்கிர்ச்சனில் இருந்த புஷ்பராணிக்குத் தங்கமான பெடியன் என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். அந்தத் தங்கம் கலியாண வீட்டிலேயே கேக் மேசையோடு சாய்ந்து விழுந்தது. மலருக்கு அப்படி ஒன்று நடந்தால் தான் உயிரோடு இருந்து பயனில்லை என்று தவராசா சொல்லித் திரிந்தார். எண்பத்து மூன்றில் கொழும்பு எரிந்த கையோடு இவர்களுடன் ஜெர்மனியில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பாவாடை சட்டை வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் பழக்கியது, பல்லுக்குக் கம்பி கட்டக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் தவராசா. மைத்துனி என்று பெயர்தான், வளர்த்த பிள்ளை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவராசா குடிக்கிறவர் இல்லை. கேட்டால் அவரே சொல்லுவார். எசனில் ஒரு பிற்சாக் கடைச் சமையலறையில் வேலை. வேலை முடிய முதலாளி ஊற்றிக் கொடுக்கிற பியரை வேண்டாம் என்றால் மனம் நோவார். வீட்டுக்கு வந்து ஒரு பியர், அது அலுப்புக்கு. படுக்க முதல் ஒன்று, அது குளிருக்கு. சனி ஞாயிறில் எடுப்பதெல்லாம் விருந்தாளிகளுக்காக, விருந்தாளிகள் வராவிட்டாலும். டொக்டர் ஈரலைத் தடவிப் பார்த்துவிட்டு இனித் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். டொக்டருடைய மூக்கைப் பார்த்தால் அவர் என்னைவிட மோசம் என்று தவராசா சொல்லிவிட்டார். சந்திரகாந்தி அழுது பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள், சமைக்காமல் இருந்தும் பார்த்தாள். மனுசன் அசையவில்லை. பியர் குடியில் சேர்த்தி இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஊரில் மாப்பிள்ளை விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சொல்லிப்போட்டுப் போகக்கூடாது. மாடு வாங்க வந்தவன் மாதிரிப் போய், சந்திக் கடையில் ஒரு சோடா உடைத்து, கடைக்காரனிடம் வாயைக் கிளற வேண்டும். பிறகு சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு அங்கே கிளற வேண்டும். ஒன்றுவிட்ட தங்கச்சிமாருக்கெல்லாம் இப்படி விசாரித்துக் கொடுத்தவர் என்று தவராசாவுக்குப் பெயர் இருந்தது. சுவீடன் என்றால் என்ன, சந்தி இல்லாத ஊரா? சொல்லிப்போட்டுப் போனால் அவன் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிப்போட்டுத் தேவாரம் பாடிக்கொண்டிருப்பான்.

அகதி என்று ஏற்றுக்கொள்ளும்வரை எசன் நகர எல்லையைத் தாண்டவே விடாத நாட்டில், போன வருசம்தான் நீலக் கடவுச்சீட்டுக் கைக்கு வந்திருந்தது. இந்தக் கப்பல் யோசனை தவராசாவுடையது. அப்படித்தான் அவர் எல்லோருக்கும் சொன்னார். கீல் துறைமுகத்தில் புறப்பட்டு ஸ்டோல்விக்கில் ஒரு பகல் நிற்கிற மலிவுக் கப்பல் ஒன்று ஓடுகிறது என்ற விளம்பரத்தைச் சந்திரகாந்தி கிழித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

கரையில் இறங்கினால் அங்கே தொப்பி போட்ட ஒரு சுவீடன் கிழவர் நின்றார். பெயர் நில்சன், இரும்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜெர்மன் தெரியும். எப்போதாவது இறங்குகிற பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவருடைய தொண்டு வேலையாம். இரும்பாலை பார்க்க ஆசைப்பட்டு ஒரு மனிதன் வந்திருக்கிறான் என்று சந்திரகாந்தி சொன்னதும் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகென்ன, தவராசா மாட்டுப்பட்டார். உருக்கு உலை எப்படிக் கொதிக்கிறது, தகடு எப்படி உருளுகிறது, தாது எந்த மலையிலிருந்து வருகிறது என்று கிழவர் ஒன்றையும் விடவில்லை. உயிர் என்று சொல்லியாயிற்று, கொட்டாவி விட ஏலாது. தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு தவராசா ஒவ்வொரு தொழிலாளியின் முகத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். இங்கே வெளிநாட்டுக்காரர் யாராவது வேலை செய்கிறார்களா என்று நைசாகக் கேட்டார். ஏராளம் பேர் இருக்கிறார்கள், அநேகமாக எல்லோரும் பின்லாந்துக்காரர் என்றார் நில்சன்.

ஆலையை விட்டு வெளியே வந்ததும் தவராசா தன்னுடைய முறையைக் கையில் எடுத்தார். சந்தியில் ஒரு சொசேச் கடை இருந்தது. சோடா வாங்கினார். கண்ணாடியில் சாய்ந்துகொண்டு, மாநிறமாக, மீசை வைத்த ஒரு ஆள் இந்தப் பக்கம் வருவதுண்டா என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார். கடைக்காரப் பெட்டை அவரையே விரலால் காட்டினாள்.

அடுத்தது சலூன். சலூன்காரனுக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. தவராசா மீசையைத் தொட்டுக் காட்டி, கறுப்பு என்று சொல்ல உடுப்பைத் தொட்டுக் காட்டி, உயரத்தைக் காட்டத் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். கத்தரிக்கோலை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. வெளியே வந்தபோது தவராசாவின் மீசை போய்விட்டது, தலையில் பாதியும் போய்விட்டது. மழை நேரே மண்டையில் விழுந்தது.

"ஒருத்தருக்கும் உங்களைத் தெரியாமல் இருக்க வேணும் எண்டனீங்கள்," என்று ஆறுதல் சொன்னாள் சந்திரகாந்தி. "இப்ப எனக்கே தெரியேல்லை."

அப்போதுதான் தவராசாவுக்கு அந்த யோசனை வந்தது. கடைக்காரியையும் சலூன்காரனையும் எதற்குக் கேட்க வேண்டும்? குடிக்கிறவன் சாமான் வாங்கத்தானே வேண்டும். இந்த ஊரில் சாராயம் எங்கே விற்கும் என்று நில்சனைக் கேட்டார்.

கிழவர் நின்றுவிட்டார். சந்திரகாந்தியைப் பார்த்தார். சந்திரகாந்தி நிலத்தைப் பார்த்தாள். பிறகு கிழவர் மெதுவாகச் சொன்னார், ஊருக்கே ஒரு கடைதான், அரசாங்கக் கடை. இன்று வெள்ளி. பின்னேரம் பூட்டினால் இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

தவராசாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரே கடை. வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் பூட்டு. குடிக்கிறவன் எவனாயிருந்தாலும் இன்றைக்கு இந்த வாசலால் போய்த்தான் ஆக வேண்டும். இப்படி ஒரு வசதியை யாழ்ப்பாணத்தில் கனவிலும் காண ஏலாது. கடைக்கு நேரெதிரே ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கும் போட்டிருந்தது. சந்திரகாந்திக்கு அந்த இடத்தில் வந்ததும் முழங்கால் நொந்தது, இனி ஒரு அடி வைக்க ஏலாது என்று வாங்கில் இருந்துவிட்டாள். தவராசா பக்கத்தில் இருந்தார். நில்சனும் போகிறபாடாக இல்லை, மற்றப் பக்கத்தில் இருந்தார்.

கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் தவராசா எழும்பி எட்டிப் பார்த்தார். எழும்பும்போதெல்லாம் நில்சன் கையைப் பிடித்து இருத்தினார்.

"உந்தக் கிழவன் ஏன் என்ர கையைப் பிடிக்குது?"

"சுவீடன்காரர் அன்பான சனம்," என்றாள் சந்திரகாந்தி.

கிழவரும் அவளும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தவராசாவுக்கு வாசலை விட்டுக் கண்ணை எடுக்க நேரமில்லை. நில்சன் போய்ப் போன் பெட்டிக்குள் நின்று யாருடனோ கதைத்துவிட்டு வந்தார். சற்று நேரத்தில் இரண்டு வெள்ளைத் தலைக் கிழவிகளும் மலை மாதிரி ஒரு மனிதனும் வந்தார்கள். நெஞ்சில் ஆளுக்கொரு நீல நாடா. பிளாஸ்கில் கோப்பி, கூடை நிறைய இனிப்புப் பணிஸ். தவராசாவைச் சுற்றி நின்று பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். ஊருக்கு வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, தவராசா எழுந்து நின்று கைகூப்பினார். ஒரு கிழவி அழுதே விட்டாள்.

பாட்டு முடிந்த பிறகு சந்திரகாந்தி விளங்கப்படுத்தினாள். இவர்கள் மதுவிலக்குச் சங்கத்து ஆட்கள். நில்சன்தான் தலைவர். சாராயக் கடை வாசலில் ஒரு மனிதன் வெகுநேரமாக மனதோடு போராடிக்கொண்டு இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கைகொடுக்க வந்திருக்கிறார்கள்.

தவராசாவுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "நான் அப்பிடியான ஆள் இல்லை எண்டு சொல்லும்."

"சொன்னனான். குடிக்கிற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவையாம்."

எழும்பிப் போகவும் ஏலாது, வாசலை விட முடியாது. பெயராவது கெடாமல் இருக்கட்டும் என்று யோசித்து, தான் பான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சேதுராமன், ஊர் மெட்ராஸ் என்று சொல்லச் சொன்னார். அது இன்னும் வினையாகப் போயிற்று. நில்சனின் முகம் மலர்ந்தது. அந்தப் பாஷை பேசுகிற ஒரு பிள்ளை எங்கள் சங்கத்தில் இருக்கிறான், வேலை முடிந்து இப்போது வருவான், உங்கள் மனக்கஷ்டத்தைத் தாய்மொழியிலேயே சொல்லலாம் என்றார். அதைத் தவராசா காதில் வாங்கவில்லை. தெருமுனையில் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான்.

மாநிறம். மீசை. படத்தில் பார்த்த அதே முகம். சிறீதரன்.

நேரே சாராயக் கடையைப் பார்த்து நடந்து வந்தான்.

தவராசாவுக்குக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோசம் ஒரு துளியும் வரவில்லை. பாவி, இந்தப் பெடியனின் படத்தை மலர் புத்தகத்துக்குள் வைத்துப் பார்க்கிறதை அவர் கண்டிருக்கிறார். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுவது? கதவுப்பிடியில் அவன் கை படுவதைப் பார்க்க மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது அவன் பக்கத்தில் இருந்தான். அவனுடைய நெஞ்சிலும் நீல நாடா.

"வணக்கம் அண்ணை. பான் பல்கலைக்கழகமாம்."

தவராசா தொண்டையைச் செருமினார். "ஆமாங்க. நமக்கு மெட்ராஸுங்க. சயின்ஸ் டிபார்ட்மென்ட்டுல புரொபஸருங்க. இஞ்ச சும்மா கப்பலில வந்தனான்."

சிறீதரன் அந்தக் கடைசி வசனத்தைக் கவனித்த மாதிரிக் காட்டவில்லை. குடி என்பது ஒரு வருத்தம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பக்குவமாகச் சொன்னான். தான் ஒரு சொட்டும் தொட்டதில்லை, ஆனால் தொட்டவர்களின் வீடுகளைப் பார்த்திருக்கிறான். தவராசாவுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் வந்தது. ஒரு சொட்டும் தொட்டதில்லை. போதாததற்கு ஊரையே திருத்துகிறான். இப்படி ஒரு மாப்பிள்ளையை விளக்குப் பிடித்துத் தேடினாலும் கிடைக்காது.

"எனக்கும் ஒரு மனக்கவலை இருக்கு அண்ணை," என்றான் சிறீதரன். "எசனில ஒரு பொம்பிளை பேசினவை. பிள்ளையில ஒரு குறையும் இல்லை. எனக்கு நல்ல விருப்பம். மறுமொழி சொல்லாமல் இருக்கிறன்."

"ஏன்?"

"அவவின்ர அத்தான் பெருங்குடியாம்."

கோப்பி தவராசாவின் மூக்கால் வந்தது. "ஆர் சொன்னது?"

"கேட்ட இடமெல்லாம் சொல்லுகினம். அப்பிடியொரு வீட்டில எப்பிடிச் சம்பந்தம் வைக்கிறது?"

"அவர் பியர் மட்டும்தான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தவராசா சுற்றிவரப் பார்த்தார். கிழவிகள் பணிஸ் கூடையோடு காத்து நின்றார்கள். சந்திரகாந்தி கைலேஞ்சியால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது. பதினைந்து வருசம் தன்னோடு வாழ்ந்தவள் நடுத்தெருவில் அழுகிறாளே என்று பார்த்தார். மலரை நினைத்தார். அவளுடைய கலியாணத்துக்குக் குறுக்கே எவனோ ஒரு குடிகாரன் நிற்கிறான் என்று தேடி, கடல் தாண்டி வந்து பார்த்தால், நிற்கிறது தான்.

"நான்தான் அந்த அத்தான்," என்றார். "பேர் தவராசா. மெட்ராஸ் இல்லை, மானிப்பாய்."

சிறீதரன் அவர் கையில் இருந்த கோப்பியை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு, "இப்ப என்ன செய்யப் போறியள் அண்ணை?" என்று மட்டும் கேட்டான்.

தவராசா எழுந்து நின்றார். அரைத் தலையும் வழித்த முகமுமாக அந்த மழையில் அவர் நின்ற நிலையைப் பார்த்தால் எவருக்கும் மதிப்பு வந்திருக்கும். சங்கத்துச் சத்தியப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அது நில்சனின் சட்டைப்பையில் ஆயத்தமாக இருந்தது. கிழவர் ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் வாசிக்க, இவர் பின்னால் சொன்னார். சாராயம் தொடமாட்டேன். வைன் தொடமாட்டேன். பியர் என்று வந்ததும் குரல் நின்றது.

"பியருமோ?"

"பியரும்தான்," என்றாள் சந்திரகாந்தி, லேஞ்சிக்குள் இருந்து.

எதிரே கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டில் திறப்புத் திரும்பிய சத்தம் தவராசாவின் நெஞ்சுக்குள் கேட்டது. பியரும் தொடமாட்டேன் என்று உரக்கச் சொல்லி, சொந்தப் பெயரில் கையெழுத்து வைத்தார். கிழவிகள் கைதட்டினார்கள். மலை மாதிரி மனிதன் அவரைத் தூக்கி இறக்கினான். நில்சன் அவர் நெஞ்சில் நீல நாடாவைக் குத்திவிட்டார்.

சிறீதரன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தான். "எனக்குச் சம்மதம். இனி நீங்கள் எனக்கும் அத்தான்தான்."

கப்பலுக்குத் திரும்பும்போது தவராசா நடக்கவில்லை, மிதந்தார். கோட்டை பார்க்கப் போனவர்கள் பஸ் பழுதாகி, மழையில் நனைந்து, மீனும் கிடைக்காமல் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தவராசா உருக்கு உலையைப் பற்றி விளங்கப்படுத்தினார். இரவுச் சாப்பாட்டில் பரிசாரகன் பியர் கிளாசோடு வந்தபோது, மண்டபம் முழுக்கக் கேட்கும்படியாக வேண்டாம் என்றார். நாடாவைப் பார்த்துவிட்டு ஒரு ஜெர்மன் கிழவி எழுந்து நின்று கைதட்டினாள். தொண்டை வறண்டதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒற்றைக் கையெழுத்தில் நிமிர்த்திவிட்ட மனுசனுக்கு அது ஒரு வறட்சியா? சந்திரகாந்தி அன்றிரவு அவரைப் பார்த்த பார்வை கலியாணமான புதிதில் பார்த்தது. இதை நீர் முதலே கேட்டிருந்தால் அப்பவே விட்டிருப்பனே என்றுகூட அவர் சொன்னார். அவள் அதற்குச் சண்டை பிடிக்காமல் சிரித்தாள்.

கீலில் இறங்கினதும் சந்திரகாந்தி போன் பெட்டியைப் பார்த்து விரைந்தாள். நான் மலருக்கு எடுக்கிறேன் என்றாள். இந்தச் செய்தியை வேறு யார் சொல்லுவது? தவராசா அவளிடம் பயணப்பெட்டியைக் கொடுத்துவிட்டு முந்திக்கொண்டு உள்ளே புகுந்து, கதவைச் சாத்தி, சில்லறையைப் போட்டு எண்ணைச் சுழற்றினார். சந்திரகாந்தி வெளியே நின்று கண்ணாடியில் தட்டினாள். அவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு, நாடாவை நேராக்கி, நெஞ்சை நிமிர்த்தி, முதல் சொல்லுக்கு மூச்சை இழுத்தார்.

அவர் வாய் திறக்க முதலே மறுபக்கத்தில் மலரின் குரல் கேட்டது:

"அக்கா, அத்தான் கையெழுத்து வைச்சிட்டாரோ? சிறீ பாவம், நீங்கள் சொல்லிக் குடுத்த கதையெல்லாத்தையும் ஒரு மாசமாய் என்னட்டத்தான் போனில ஒப்பிச்சுப் பாடமாக்கினவர்."